இறுகப் பிடித்த கைகள்

அந்தக் கோல்ஃப் பயிற்சியாளர் தன் மூத்த மகளின் இடுப்பை அசையவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, தோளை மட்டும் திருப்பச் சொல்லித்தான் மட்டை வீசப் பழக்கினார். முறுக்கு முழுவதும் முதுகில் இறங்கியது. இப்போது அவளால் குனிந்து செருப்பு மாட்ட முடியாது.

“யாரு கண்ணு பட்டுச்சோ!” என்று மனைவி புலம்புவாள். கண்மீது பழி போட்டால் தவறான பாடம் தப்பித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மைதானத்தில் யார் மட்டை வீசினாலும், மூத்தவளின் இடுப்பு தன் உள்ளங்கைக்குள் திமிறுவதுபோல அவருக்கு இருக்கும்.

இன்று இளையவள் மட்டையை ஓங்கினாள். அவர் கைகள் தாமாக அவள் இடுப்புக்கு நீண்டன.

“கையை எடுங்கப்பா! ஒருத்தி முதுகு போனது பத்தாதா?” பெஞ்சிலிருந்து மூத்தவள் கத்தினாள்.

அவர் பின்வாங்கினார். “இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும்மா. இடது குதிகால் தூக்கினாலும் பரவாயில்ல.”

இளையவள் வீசிய பந்து எங்கே விழுந்ததென்று அவர் பார்க்கவில்லை. அவள் முகம் வலியில் சுளிக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.