தெகி என்று கத்தியது யார்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சர்ச்சுக்கே அக்கா தொல்லை தாங்காமல்தான் போவேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

அந்தோணி மாமா, என் அக்கா புருஷன், தண்ணீருக்குள் இறங்கி வெல்டிங் செய்கிறவர். மேலே கரண்ட் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் கட்டடத்துக்கு அடியில் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி, அதைக் காலி செய்ய விடமாட்டார்கள், அதனால் நிறைந்த தண்ணீரிலேயே குழாய் விரிசலை அடைக்க வேண்டும். மாமா முகமூடிக்குள்ளிருந்து போனில் 'ஹாக்கு' என்றால் கரண்டைப் போடுவேன், 'தெகி' என்றால் எடுப்பேன். கன்னடம்தான், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சண்டையே பாதி கன்னடத்தில்தான் நடக்கும். சொல் எப்போதும் கீழிருந்துதான் வர வேண்டும், நானாகச் சொல்லவே கூடாது.

நல்ல பட்டப்பகல். 'ஹாக்கு' என்றார், போட்டேன். காதில் அவர் மூச்சும் வெல்டிங் இரைச்சலும்தான். திடீரென்று காலடியில் தரை அதிர்ந்தது. சுவிட்சை நானே இழுத்தேன். அந்தச் சூட்டில் தண்ணீரே வாயுவாகப் பிரியும், அது போக வழியில்லாமல் மூலையில் தேங்கினால் ஒரு பொறி பட்டதும் வெடிக்கும், எங்களுக்குத் தெரிந்த ஆபத்துதான். மாமா இடுப்பில் கட்டிய கயிற்றை இழுக்கும்போது பிணமாகத்தான் வருவார் என்று நினைத்தேன், அக்காவிடம் என்ன சொல்வேன்?

உயிரோடுதான் வந்தார். இரண்டு காதிலும் ரத்தம்.

"நீ தெகி தெகின்னு கத்துனதாலதான்டா பின்னாடி வந்தேன், இல்லன்னா மூஞ்சியே போயிருக்கும்," என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. நான் பேசினால் அவருக்குக் கேட்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும், என் ஒரு கை சுவிட்சில், இன்னொரு கை கயிற்றில். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பேப்பரில் எழுதிக் காட்டியும் மாமா நம்பவில்லை.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? அழுதுகிட்டே கத்துனியே."

சத்தியமாக நான் அழவில்லை.

காது போனது போனதுதான், டாக்டர் கைவிரித்துவிட்டார். அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காது, குக்கர் விசில் கேட்காது. ஆனால் இன்றைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம், நான் பேசாமல் சோறு பிசைந்துகொண்டிருப்பேன், மாமா சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சொல்வார்:

"போதும்டா, அழாத. நான்தான் மேல வந்துட்டேன்ல."