தண்ணியில்லாத கிரகமும் சீரியல் பல்பும்

யாரும் பார்த்திராத கிரகத்தில் என்ன காற்று இருக்கும் என்று கணக்குப் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். "என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வராமல் கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் நம்ம கட்சி.

எத்தனை அடி?

அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலை, தூரத்து உறவில் எனக்குப் பெரியப்பா. அந்த வருடம் தோட்டத்தில் அவர் போட்ட போர்வெல்களில் வெறும் புழுதிதான் வந்தது. "அம்மணி என்ன படிக்குது?" என்று ஆரம்பித்தார். மற்ற நட்சத்திரங்களுக்கும் கிரகங்கள் இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், அந்தக் காற்றில் என்னென்ன கலந்திருக்கும் என்று பார்க்கிறேன் என்றேன். ரசம் ஊற்ற வந்தவரை நிற்கவைத்துவிட்டு, "தண்ணி எத்தனை அடியில கண்ணு?" என்றார்.

நான் பார்க்கிற கிரகத்தில் தரையே கிடையாது, நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றுவதால் எல்லாம் கொதிக்கிற வாயுதான் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"தண்ணியில்லாத காட்டை எதுக்குக் கண்ணு போயிப் பாத்துட்டு இருக்கறே?"

கெடு

என் வழிகாட்டிப் பேராசிரியர் மெல்லிய படலக்காரர். கண்ணாடித் தகட்டில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்து அளப்பது அவர் ஆராய்ச்சி. எங்கள் துறையில் என்னைத் தவிர எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நல்ல வேலைதான், எனக்குத்தான் அதில் மனசு ஒட்டவில்லை. கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே வந்தால், அதன் ஓரத்துக் காற்று வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசிந்து வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தைத் தின்றுவிடும். சோடியம் இருந்தால், நம் தெருவிளக்கின் அதே மஞ்சள் குறையும். எவ்வளவு குறையும்? அதுதான் என் கணக்கு. அப்படிக் குறுக்கே போகும் கிரகம் ஒன்றைக்கூட அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை என்பது ஒரு சின்ன சிக்கல்.

பேராசிரியர் பொறுமைசாலி. பொறுமைக்கும் ஒரு கரை உண்டல்லவா? ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"தீபாவளிக்குள்ள ஒரு கிராஃபாவது கொண்டாங்கம்மா. இல்லீன்னா அதைய மூட்டை கட்டி வெச்சுட்டு நம்ம படலத்துக்கே வந்துருங்க."

சும்மா எரிந்த மிசின்

கல்லூரியில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு ரேஷன் கடை வரிசை. கணபதிப் பகுதியில் பம்ப் கம்பெனி வைத்திருந்த என் தோழியின் அப்பா, பில் போடுகிற கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே கணக்கர் ரங்கராஜ் அண்ணன், கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்.

முதல் ஞாயிறு காலையில் கணக்கை ஓடவிட்டுத் துடியலூர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை இருட்டு. கரண்டு இருந்தது. என்னாயிற்று என்று கேட்டதற்கு, அண்ணன் பெரிய உபகாரம் செய்தவரைப் போலச் சிரித்தார்.

"ஆரும் இல்லாம சும்மாவே எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க அம்மணி. நாந்தான் அமத்திப் போட்டனுங்க."

அதுவரை ஓடிய கணக்கு அத்தனையும் போயிற்று, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் மேல் என்ன தப்பு? திரையில் ஒன்றுமே அசையவில்லை. அடுத்த ஞாயிறு முதல், அவருக்காகவே, எண்கள் வரிசை வரிசையாக ஓடும்படி நிரலை மாற்றினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்பத்தானுங்க மனசுக்குத் தெம்பா இருக்குது!"

ஆயுத பூஜை

முழுக் கணக்குக்கு ஒரு ஞாயிறு போதாது. ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று விடுமுறைகள் சேர்ந்து வந்தன. பூஜைக்கு முந்தின மாலையே ஓடவிட்டேன். அதை விட்டால் தீபாவளி வரை பில் கூட்டம், மிசின் கிடைக்காது.

காலையில் போனால் லேத்துகள் எல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிற்கின்றன. எங்கும் சத்தமில்லை. பூஜையில் வைத்த எதையும் அன்றைக்கு ஓட்டக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று. முதலாளி, அதாவது தோழியின் அப்பா, கண்ணாடி அறைக்கு வந்து, ஓடும் எண்களைப் பார்த்தார். "இதையும் நிறுத்திப் போடுங்க" என்றார். நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பிறகு நான் படலம்தான் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவருக்குச் சங்கடம். சாமி காரியமாயிற்றே.

ரங்கராஜ் அண்ணன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். மானிட்டரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு சரஸ்வதி படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த விளக்குச் சரத்தைக் காட்டினார்.

"சாமிக்கு முன்னாடி சீரியல் பல்பு ஓடுதில்லீங்க மொதலாளி? அதாட்ட இதும் ஒரு பக்கம் ஓடட்டுங்க."

பள்ளம்

முதலாளி சிரித்துவிட்டார், மிசின் ஓடியது. திங்கட்கிழமை, பில் அடிக்கிற ஓரத்துளைத் தாளிலேயே வளைகோட்டை அச்செடுத்தோம். மஞ்சள் நிறம் வரும் இடத்தில் கோடு சட்டென்று கீழே இறங்கி ஏறியது. "இத்தன நாள் ஓடி, இந்த ஒரு பள்ளந்தானுங்களா?" என்றார் ரங்கராஜ் அண்ணன். அதுதான் அண்ணா அந்த ஊர்க் காற்று என்றேன்.

பேராசிரியர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"செரி, படலத்தை வேற ஆருக்காச்சும் குடுத்துக்கறேன். நீங்க இதையவே பாருங்கம்மா."

சில வருடம் கழித்து, அப்படிக் குறுக்கே போன ஒரு கிரகத்தில், விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அந்தப் பள்ளத்தை நிஜமாகவே பார்த்தது, ஆழம் நான் சொன்னதைவிடக் குறைவுதான் என்றாலும், போர்வெல் போட்ட எங்கள் ஊர்க்காரர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொன்ன அடியில் தண்ணி கிடைத்ததாக ஒருத்தரும் சொல்லமாட்டார்.