குலுக்கினாலும் சத்தம் வராத டப்பா

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. புனேயில் தாபோடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவப் பட்டறையில் வேலை. எனக்குப் பதினாலு வயது. அந்த ஜூன் மாதம்தான் என் அக்கா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அக்கா இருந்தவரை வீட்டில் அவள் குரல்தான் கேட்கும். போன பிறகு அவளைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நான் அழுவேன் என்று அம்மாவும், அம்மா உடைந்துபோவாள் என்று நானும், எங்கள் இரண்டு பேருக்காகவும் அப்பாவும் பேசாமல் இருந்தோம். பள்ளிக்கூடத்திலும் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பாவம், அவர்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆனால் எனக்குக் கோபம் கோபமாக வரும். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்களோ என்று இருக்கும்.

அந்த ஊரில் பெண்பிள்ளைகள் நவராத்திரிக்குப் போண்ட்லா ஆடுவார்கள். நடுவில் பலகையில் யானைப் படம் வரைந்து வைத்து, கைகோத்துச் சுற்றிவந்து பாடுவார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் வேடிக்கையே. ஆளாளுக்கு மூடிய டப்பாவில் பலகாரம் கொண்டுவந்து குலுக்கிக் காட்டுவார்கள். உள்ளே என்ன என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். சத்தத்தை வைத்தே லட்டு, சிவ்டா என்கிற அவல் மிக்சர் என்று சொல்லிவிடுவார்கள். அக்காவின் டப்பா மட்டும் யாருக்கும் பிடிபடாது. ஏதாவது ஒரு சுண்டலை விளிம்பு வரை அமுக்கி அமுக்கி அடைத்திருப்பாள். எவ்வளவு குலுக்கினாலும் கம்மென்று இருக்கும். எந்தச் சுண்டல் என்று தெரியாமல் எல்லோரும் முழிப்பார்கள். ஜெயித்த திமிரில் பாதியை அவளே தின்றுவிடுவாள்.

அந்த வருஷம் துக்கம் என்பதால் எங்கள் வீட்டில் கொலு இல்லை. கீழே பாட்டு ஆரம்பித்ததும் நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன். பாட்டு நின்ற கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு மராத்திப் பெண், அக்காவின் தோழி, கையில் எவர்சில்வர் டப்பாவோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கப் பெண்கள்.

"நீ கீழே வர வேண்டாம். இதுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. இவங்க யாருக்கும் தெரியலை" என்று இந்தியில் சொல்லி டப்பாவை நீட்டினாள்.

வாங்கிக் குலுக்கினேன். சத்தமே இல்லை. இன்னொரு தரம் குலுக்கினேன். அப்போதும் கம்மென்றுதான் இருந்தது.

"அக்கா சுண்டல்" என்றேன்.

ஜூனுக்குப் பிறகு அக்கா என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். தோழிக்குக் கண் நிறைந்துவிட்டது. டப்பா அடைக்கிற வித்தையைப் போன வருஷம் அக்காவை நச்சரித்துக் கற்றுக்கொண்டாளாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள்.

பேச்சுக் குரல் கேட்டு அம்மா வந்துவிட்டாள். துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அம்மா டப்பாவைத் திறந்து இரண்டு கடலையை வாயில் போட்டு மென்றாள். அந்த ஊர்க்காரர்கள் எதிலும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்காமல் விடமாட்டார்கள்.

"ஏட்டி, சுண்டல்ல சீனி போட்டிருக்காட்டி" என்றாள் என்னிடம். "இத மட்டும் ஒங்கக்கா தின்னுருந்தா, இந்தப் புள்ளய ஒரு வழி பண்ணிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். படிக்கட்டில் நின்ற பெண்களில் ஒருத்தியும் போகவில்லை. ராத்திரி அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா அவருக்கும் ஒரு தட்டில் வைத்து, "உங்க மக சுண்டல்" என்றாள். அப்பா தட்டைக் காலி பண்ணிவிட்டு, அவராகவே அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இப்போதும் துக்கம் கேட்கப் போனால், போனவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தையாவது அந்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் யாரோ ஒருத்தி அதைக் கேட்பதற்காகக் காத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.