ஸ்டானிஸ்லாஸின் காலிப் பெட்டி

காசிமேட்டு ஸ்டானிஸ்லாஸ் இடுப்பை உடைத்துக்கொண்டு கடல் தொழிலை விட்டவர். எழுபத்தெட்டாம் வருஷம் எண்ணூரில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் கூலியாளாகச் சேர்ந்தார். ஏர் பிடித்தறியாத மனிதரை வள்ளூர் வேர்க்கடலை வயலுக்குக் காவல் போட்டார்கள்!

அங்கே நடந்தது மருந்தடிக்காத வைத்தியம். இலையைத் தின்னும் வெட்டுப்புழுவின் பெட்டைப்பூச்சி ஒரு வாசனை விட்டுத்தான் ஆண்பூச்சியை அழைக்கும். அதே வாசனையைச் சின்ன ரப்பர் குழாய்களில் அடைத்து, வயல் முழுக்கக் குச்சி நட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் பசை தடவிய ஒரு பெட்டி, அதிலும் அதே வாசனை. "தினம் காலையில பெட்டியில விழுந்த பூச்சிய எண்ணி எழுதி வை" என்றார் அதிகாரி தாமோதரன். எதற்கென்று சொல்லவில்லை. படித்தவர்களுக்குத் தமக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

முதல் மூன்று நாளும் பெட்டி காலி. ஸ்டானிஸ்லாசுக்கு அவமானமாக இருந்தது. வெறும் வலையோடு கரையேறினால் தெருவில் தலைநிமிராத வம்சம் அவருடையது. மீன் படாத இடத்தில் எவனாவது வலையைப் போட்டுக்கொண்டு கிடப்பானா? சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக் குழாய் கட்டாத பக்கத்து வயலில் வைத்தார். காலையில் நாற்பத்திரண்டு பூச்சி! பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அடுத்த பத்து நாளும் இதே வேலை.

நோட்டைப் பார்த்த தாமோதரனின் முகம் தொங்கிப்போயிற்று.

"குழாயெல்லாம் பிடுங்கிடு. தோத்துட்டோம்."

"இன்னா சார் சொல்ற? பொட்டி ரொம்பிகினு கீது, தோத்துட்டோம்ன்ற!"

"நிரம்பக் கூடாதுய்யா. வயல் முழுக்க வாசனை இருந்தா எது நிஜப் பொட்டைன்னு ஆம்பளப் பூச்சிக்குத் தெரியாது. ஜோடி சேராது, முட்டை இல்ல, புழு இல்ல. பெட்டி காலியா இருந்தாத்தான் ஜெயிச்சோம்னு அர்த்தம்."

ஸ்டானிஸ்லாஸ் சுற்றிலும் பார்த்தார். ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. வயல் ஜெயித்துக்கொண்டிருந்தது, அவர் எழுதிய கணக்குதான் அதைத் தோற்கடித்திருந்தது. சொன்னால் வேலை போகும், மானமும் கப்பலேறும். சொல்லாவிட்டால் இத்தனை பேர் பாடுபட்டது பாழ்.

"சார், தப்பு என்னுது. பொட்டிய நான்தான் அந்தாண்ட வயல்ல வச்சுகினு இருந்தேன்."

தாமோதரன் கத்திய கத்தலில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில், "மூணு நாள் நானே வந்து நிக்கிறேன். பெட்டியில பூச்சி விழுந்தா நீ வேலைக்கு வராத" என்றார்.

இரண்டு காலை காலி. மூன்றாம் காலை கம்பெனி மேனேஜரும் ஜீப்பில் வந்து இறங்கினார். ஸ்டானிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

"எத்தனை?" என்றார் மேனேஜர்.

ஸ்டானிஸ்லாஸ் பெட்டியை எல்லோரும் பார்க்கும்படி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அலைச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய குரல் வயலைத் தாண்டிப் போயிற்று.

"ஒண்ணுகூட படல சார்!"