சமையல் மாஸ்டருக்கு நான் எழுதிய டயட் ஷீட்

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுகர் ஓபியில் பல வருடம் டயட் கவுன்சிலிங் பார்த்தேன். இப்போது ஓய்வு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அனுபவம் கேட்டால், நான் வெட்கப்படும் இந்த விஷயத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

சாக்கோட்டையிலிருந்து கருப்பையா என்ற சமையல் மாஸ்டர் வந்தார். கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போய்ச் சமைப்பவர். சுகர் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி என்னிடம் அனுப்பினார்.

அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவே இல்லை. அச்சடித்த ஷீட்டில் சோறு, இட்லி, தோசை, கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தேன்.

"மேடம், நமக்குத் தொழிலே ருசி பாக்குறதுதான். ஒரு சொட்டு நாக்குல வைக்காம எப்புடிச் சமைக்கிறது?"

"நாக்கை அடக்கலைன்னா காலை எடுக்க வேண்டி வரும். பரவாயில்லையா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கண்டிப்பாகப் பேசிவிட்டோம் என்று எனக்குத் திருப்தி.

பத்து நாள் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளையார்பட்டியில் ஒரு விசேஷச் சமையல். அடுப்படியில் மயங்கி விழுந்ததில், கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் வலது கையில் கொட்டியிருந்தது. லோ சுகர். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் விழித்தார்.

அவர் மனைவி வள்ளி டாக்டரிடம் சொன்னார்: "பத்து நாளா ஒரு வாய் சோறு திங்கலைங்கய்யா. வெள்ளரிக்காயும் மோருந்தான். மாத்திரைய மட்டும் நேரந்தவறாமப் போட்டாக."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு மாத்திரையோட சோத்தையே விடச் சொன்னது யாரு?"

"அளவாச் சாப்பிடத்தான் சொன்னேன் சார். அவரா மொத்தமா விட்டுட்டாரு போல."

கூசாமல் பொய் சொன்னேன். கருப்பையா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கய்யா, நானாத்தான் விட்டேன்" என்றார்.

மறுநாள் காலை டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். வார்டுக்குப் போனேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எனக்காக ஏன் பொய் சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான சொன்னீக. ஒங்க வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்ல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் ஒரு நாளில் சாப்பிடுவதையெல்லாம் முதன்முறையாக விசாரித்தேன். காலையில் ஆறு இட்லியை மூன்றாக்கினோம். மதியம் ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாகக் காய். ருசி பார்க்க அரைக்கரண்டி போதும் என்றேன்.

"நல்ல நாள்ல ஒரு பணியாரம் திங்கலாங்களா?" என்று வள்ளி கேட்டார்.

"திங்கலாம். அன்னைக்கு இட்லில ஒண்ணக் குறைச்சுக்கங்க."

கருப்பையா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இம்புட்டுத்தானா மேடம்? இத அன்னைக்கே சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே."

சில மாதங்களில் அவருடைய சுகர் கட்டுக்குள் வந்தது. ஆனால் வெந்த கையை அவரால் முழுதாக நீட்ட முடியவில்லை. அதன் பிறகு அண்டாவில் கரண்டி போட்டுக் கிளறியது வள்ளிதான்.

ஷீட்டை எடுக்கும் முன், எதிரில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். எதை விடுவது என்பதைவிட எவ்வளவு சாப்பிடலாம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். கட்டிலில் கிடந்த ஒருவர் என் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது, நான் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.