கால்வாய்க் கரைச் சுவரில் இல்லாத நோட்டீஸ்

"செவ்வாய், காலை 6.40. கால்வாய்க் கரைச் சுவர். கண்ணீர் அஞ்சலி இரண்டு, மஞ்சள் நீராட்டு விழா ஒன்று, கட்சி மாநாடு ஒன்று. வேறில்லை."

என் நோட்டுப் புத்தகத்தில் உள்ள வரிகள் இவை. மயிலாப்பூரில் காலையில் நடக்கும்போது சுவர்களில் ஒட்டியிருப்பதை நாள், நேரம் போட்டு எழுதிக்கொள்வது என் பல வருடப் பழக்கம். கரையில் குடிசை போட்டு இட்லி விற்ற அம்மாள் கேலி செய்வார்: "செத்தவங்க, சமஞ்சவங்க எல்லாம் உன் நோட்டுல கீறாங்க. என் இட்லி இன்னா சார் பாவம் பண்ணிச்சு?"

அந்தச் செவ்வாய்க்கு இரண்டாம் நாள், வியாழக்கிழமை, பொக்லைன் வந்து பாதி வரிசையை இடித்தது. காலி செய்யும்படி ஒரு வாரம் முன்பே கரைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். மிச்சமிருந்த பாதியில் அந்த அம்மாளின் வீடும் இருந்தது. மறுநாள் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"செவுத்துல நோட்டீஸ் இல்லன்னு உன் நோட்டுல கீதில்ல? அத்த பேப்பர்ல எழுது சார். வக்கீல் திங்கக்கிழம ஸ்டே கேக்கறாரு. வெளியாளு ஒருத்தர் எழுதினா எடுபடும்ன்றாரு."

வட்டார வார இதழ் ஒன்றில் நான் எழுதிவந்தேன். அது ஞாயிறன்று வெளிவரும். எழுதுகிறேன் என்றேன். பிறகு, நான் பார்த்தது சுவரின் சாலைப் பக்கம் மட்டும்தானே என்று தோன்றியது. நீர்ப் பக்கம் ஒட்டியிருந்தால்? நீரைப் பார்த்த சுவரில் யார் நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சாட்சி தேடி ஒரு நாள் போயிற்று. எழுதியதற்காகச் சிறை சென்றவர்களின் புத்தகங்கள் என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இருமுறை படித்திருக்கிறேன்.

சனிக்கிழமை இதழின் ஆசிரியர் போனில் சொன்னார்: "நமக்கு எதுக்கு சார் வம்பு? 'நோட்டீஸ் தரவில்லை என்று அப்பகுதியினர் கூறுகின்றனர்'னு முடிச்சிடுங்க. யாரும் நம்மளக் கேக்க முடியாது."

அப்படியே எழுதினேன். பிழையில்லாத வாக்கியம். என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சரிபார்க்கிறேன் என்று நான் அலைந்தது பயத்தினால்தான். அதை ஒப்புக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின.

ஞாயிறு காலை கரையில் யாரோ அதை அவருக்குப் படித்துக் காட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நாங்க சொல்றத நாங்களே சொல்லிக்கினு கீறோம். நீ இன்னா சார் சொன்ன?"

திங்களன்று தடை கிடைக்கவில்லை. புதன்கிழமை அவர் வீடும் சுவரும் போயின.

ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் அவருக்கு வீடு ஒதுக்கியிருப்பதாகவும், அங்கே இட்லி வாங்க ஆளில்லை என்றும் ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. இந்தத் தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.