ஷகிலாவின் மேனுவல் ஒண்ணுலதான் இருக்கும்

ஷகிலா போயிட்டா.

காலையில் அவ தம்பி போன் பண்ணினான். ஹார்ட் அட்டாக்... நம்பவே முடியல.

செங்கல்பட்டு ஆபீஸில் எனக்கு அடுத்த சீட். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவா. வந்ததும் யாரோடவாவது ஒரு சண்டை.

நாங்க எழுதின குட்டி டூல் ஒண்ணு, பேரு 'அலை'. டெர்மினலில் டைப் பண்ணினா நாளைக்குக் கடல்ல காத்து எப்படி, அலை எவ்வளவுன்னு சொல்லும். அதுக்கு மேனுவல் எழுதினது ஷகிலா.

மேனுவலுக்கு செக்‌ஷன் நம்பர் உண்டு. எல்லாரும் ஓட்டுற கமாண்ட்னா ஒண்ணு. சிஸ்டம் அட்மின் மட்டும் தொடுறதுன்னா எட்டு.

எங்க லீட் எட்டுல போடச் சொன்னார். அப்பதான் கெத்தா இருக்குமாம்.

ஷகிலா விடல. "அட்மினோட ரூட் பாஸ்வேர்டு கேக்குதா சார்? கேக்கல. அப்பறம் இன்னாத்துக்கு எட்டு?"

கேக்கல அவர். எட்டுலயே ரிலீஸ் ஆச்சு.

ஷகிலா தம்பி மீன் ஐஸ் கம்பெனியில் கணக்கு பாக்கிறான். மேனுவலைத் திறந்தானாம், மேலே 'அட்மினுக்கு'ன்னு இருந்ததும் மூடிட்டானாம். "இது நமக்கில்லக்கா."

மறுநாள் ஷகிலா ஆபீஸுக்கு வந்தா, யாரையும் கேக்காம ஒண்ணுக்கு மாத்தினா. லீட் கத்தினார். அவ பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டா.

அவளும் லேசுப்பட்டவ இல்ல. செட்டிங்ஸ் எழுதி வெக்கிற கான்ஃபிக் ஃபைல் விளக்கத்தையும் ஒண்ணுலயே திணிச்சா. ஃபைல் ஃபார்மட்டுக்கு அஞ்சுதான்னு நான் சொன்னதுக்கு ஒரு வாரம் பேசல.

அப்புறம் டீமோட மாமல்லபுரம் போயிருந்தோம். பீச்சில் வறுத்த மீன் தட்டை என் பக்கம் தள்ளினா. "அஞ்சுல போட்டுட்டேன். மூஞ்சிய அப்டி வெச்சிகினு இருக்காத, துன்னு."

இப்போ அடக்கத்துக்குப் போற பஸ்ஸில் இருக்கேன். திருக்கழுக்குன்றம் கூடத் தாண்டல... ஆபீஸ் குரூப்பில் லீட்டோட மெசேஜ். 'அலை மேனுவலை இனிமே எட்டுக்கே மாத்திடலாமே.' கூடவே நான் ஓகே பண்ண வேண்டிய சேஞ்ச் ரிக்வெஸ்ட்.

இனிமே-வாம்! மையத்து இன்னும் வீட்டை விட்டே கிளம்பல.

அழுகையா கோபமான்னு தெரியல. போன்லயே ரிஜெக்ட் பண்ணினேன். காரணம்னு கேட்ட இடத்தில் 'ரூட் கேக்கல'ன்னு மட்டும் போட்டேன்.

திரும்ப அனுப்புங்க, திரும்ப ரிஜெக்ட் பண்றேன். வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்கோங்க.

போய் வா ஷகிலா... ஒண்ணுலதான் கீது.